பொத்தானை அழுத்தியது யார்? நூலகத்துப் போட்டோஸ்டேட்டும் பதிப்புரிமைச் சட்டமும்

வாசகர் ஒருவர் நூலகத்துப் போட்டோஸ்டேட் இயந்திரத்தில் ஒரு புத்தகத்தை நகலெடுத்துவிட்டால் பழி யார் மேல் விழும்? மலேசியாவின் தோட்டப்புற டவுன்களில் வாசகசாலை நடத்துகிறவர்களை உறுத்திக்கொண்டே இருக்கும் கேள்வி இது. “ஒரு நகலுக்கு 20,000 வெள்ளி அபராதம்”, “மெஷின் வைத்திருந்தாலே குற்றம்” என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வருவதைப் படித்துவிட்டு, இயந்திரத்தைத் துணி போட்டு மூடிவிடலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. “படிப்புக்குத்தானே, நூலகத்தை யார் வந்து கேட்கப் போகிறார்கள்” என்று முழுப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு.

இரண்டு தரப்பும் சட்டத்தில் ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. 20,000 என்ற எண் சட்டத்தில் இருக்கிறது. படிப்புக்கான விலக்கும் அதே சட்டத்தில் இருக்கிறது. எது எங்கே பொருந்தும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

நான்கு பேர், ஓர் இயந்திரம்

ஈப்போவுக்கு வடக்கே, எல்ஃபில், டோவன்பி, கமுனிங் என்று தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொள்வோம். கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் ஒரு வாசகசாலை இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு அலமாரி நிறையப் புத்தகம், ஒரு நீள மேசை, பொறுப்பாளர் உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஒரு போட்டோஸ்டேட் இயந்திரம். பக்கத்துக்கு 10 சென். சனிக்கிழமை காலையில் நால்வர் வருகிறார்கள்.

1. எஸ்பிஎம் தேர்வில் தமிழ் இலக்கியம் எடுக்கும் படிவம் 5 மாணவி. ஒரு திறனாய்வு நூலில் 6 பக்கம் வேண்டும்.
2. டியூஷன் ஆசிரியர். கடையில் விற்கும் ஒரு பயிற்சி நூலை முழுதாக எடுத்து, 20 பிள்ளைகளுக்கு 20 படி வேண்டும் என்கிறார்.
3. ஓய்வுபெற்ற ஒருவர். மலேசிய எழுத்தாளர் ஒருவரின் பழைய சிறுகதைத் தொகுப்பு. அச்சில் இல்லை, எந்தக் கடையிலும் கிடைக்காது. முழுப் புத்தகமும் வேண்டும்.
4. பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் பையன். பாரதியார் பாடல்களில் 30 பக்கம்.

நால்வர் கையில் இருப்பதும் புத்தகம், நால்வருக்கும் வேண்டியது நகல். ஆனால் நான்குக்கும் சட்டம் சொல்லும் பதில் ஒன்றில்லை.

பதிப்புரிமை எதைக் காக்கிறது

மலேசியாவில் இதை ஆள்வது 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். சட்டம் 332 என்பார்கள். 1987 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. இதன் 13ஆவது பிரிவு, ஒரு படைப்பை எந்த வடிவிலும் மறுபடி உருவாக்குவதைக் கட்டுப்படுத்தும் உரிமையைப் படைப்பின் உரிமையாளருக்குத் தருகிறது. போட்டோஸ்டேட், ஸ்கேன், கைப்பேசிப் படம் எல்லாமே மறுஉருவாக்கம்தான்.

எழுத்தாளர் வாழும் காலமும் அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். இந்தியாவில் அது 60 ஆண்டு. இந்த வித்தியாசம் தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகப் பயன்படும். மு. வரதராசனார் 1974இல் மறைந்தார். மலேசியக் கணக்குப்படி அவர் எழுத்தின் 50 ஆண்டு 2024இல் நிறைந்தது. இந்தியக் கணக்குப்படி உரிமை 2034 வரை நீடிக்கும். நம் வாசகசாலையில் எடுக்கும் நகலுக்கு மலேசியச் சட்டம்தான் அளவுகோல்.

சென்னையில் அச்சான புத்தகத்துக்கு இங்கே பாதுகாப்பு கிடையாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. ஒரு நாட்டுப் படைப்பை மற்ற நாடுகளும் காக்க வேண்டும் என்பது பெர்ன் உடன்படிக்கை. இந்தியா அதில் பல பத்தாண்டுகளாக உள்ள நாடு. மலேசியா 1990இல் சேர்ந்தது. அங்கே வெளியான நூலுக்கும் இங்கே உரிமை உண்டு.

நியாயமான கையாளுகை: எவ்வளவு எடுக்கலாம்

அதே 13ஆவது பிரிவு விலக்குகளையும் அடுக்குகிறது. நூலகத்துக்கு முதன்மையானது “நியாயமான கையாளுகை”. ஆய்வு, சொந்தப் படிப்பு, விமர்சனம், மதிப்புரை, செய்தி அறிவிப்பு உள்ளிட்ட நோக்கங்களுக்காக நியாயமான அளவில் பயன்படுத்தினால் மீறல் ஆகாது. “உள்ளிட்ட” என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டியலோடு கதவு மூடிவிடவில்லை.

நியாயமா இல்லையா என்பதை எப்படி முடிவு செய்வது? 2012இல் நடப்புக்கு வந்த திருத்தம் நான்கு கேள்விகளைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது.

1. எதற்காக எடுத்தார்கள்? சொந்தப் படிப்புக்கா, விற்பதற்கா?
2. அது எப்படிப்பட்ட படைப்பு?
3. முழு நூலில் எவ்வளவு? எடுத்த பகுதி நூலின் உயிர்ப்பகுதியா?
4. இந்த நகலால் அந்த நூலின் சந்தைக்கு என்ன பாதிப்பு?

“10 விழுக்காடு வரை எடுக்கலாம், அதற்கு மேல் கூடாது” என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். பல நகலகச் சுவர்களிலும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். மலேசியச் சட்டத்தில் அப்படி ஓர் எண்ணே இல்லை. ஆஸ்திரேலியச் சட்டத்தில்தான் ஆய்வுக்கும் படிப்புக்கும் 10 விழுக்காடு அல்லது ஓர் அத்தியாயம் என்ற வரம்பு உண்டு. வழிகாட்டும் கணக்காக அதை வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் 10 விழுக்காட்டுக்குள் இருந்தாலே தப்பித்தோம் என்றும், அதைத் தாண்டினாலே குற்றம் என்றும் நம் சட்டம் சொல்லவில்லை. கவிதைத் தொகுப்பில் ஒரு பக்கக் கவிதை என்பது ஒரு முழுப் படைப்பு. ஆனால் அதே ஒரு பக்கம் 400 பக்க வரலாற்று நூலிலிருந்து வந்தால் பெரிய விஷயமில்லை.

நம் படிவம் 5 மாணவியின் 6 பக்கம் இந்த நான்கு கேள்விகளையும் எளிதாகத் தாண்டும். டியூஷன் ஆசிரியரின் 20 படிகள் தாண்டாது. கடையில் விற்கும் நூலை முழுதாக எடுத்தால் 20 பிரதி விற்பனை அங்கேயே நின்றுபோகிறது. நான்காவது கேள்வி அதைத்தான் கேட்கிறது.

இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின் மேல் பெரிய பதிப்பகங்கள் போட்ட வழக்கில், 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் நகலகத்தின் பக்கம் தீர்ப்பளித்ததே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் நகலெடுக்கலாம் என்று இந்தியச் சட்டத்தில் உள்ள தனி வாசகத்தின் மேல்தான் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. நம் சட்டத்தில் அந்த வாசகம் அப்படியே இல்லை. அதைக் காட்டி இங்கே தப்பிக்க முடியாது.

மீறல் நடந்தால் நூலகம் எப்படி உள்ளே வருகிறது

சரி, வாசகர் எல்லை மீறிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். நூலகத்தை அதில் இழுக்க மூன்று வாசல்கள் உண்டு.

முதலாவது, நூலகமே செய்வது. பணியாளர் நகலெடுத்தால் நூலகம் எடுத்ததாகத்தான் பொருள்.

இரண்டாவது, வாசகர் செய்ய, அதற்கு நூலகம் இடம் கொடுத்து ஒப்புதல் தந்ததாக ஆவது. ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் சட்டங்கள் இதற்கு “அதிகாரமளித்தல்” என்ற கருத்தைக் கையாள்கின்றன. மலேசியச் சட்டத்தின் 36ஆவது பிரிவு வேறு சொல்லைப் பயன்படுத்துகிறது. உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு செயலைச் செய்பவர், அல்லது வேறொருவரைச் செய்யவைப்பவர், மீறுகிறார் என்கிறது அது. “செய்யவைத்தல்” என்பது “அதிகாரமளித்தல்” என்பதைவிடக் கொஞ்சம் குறுகியது என்பது என் வாசிப்பு. ஓர் இயந்திரத்தை அறையில் வைத்திருப்பது மட்டுமே யாரையும் எதையும் செய்யவைப்பதாகாது. ஆனால் இதை நம்பித் தூங்கிவிட முடியாது. பிற காமன்வெல்த் நாடுகளின் தீர்ப்புகள் இங்கே கட்டாயப்படுத்தாவிட்டாலும் நம் நீதிமன்றங்கள் அவற்றை மதித்துப் படிக்கின்றன.

மூன்றாவது, குற்றவியல் வாசல். அதைப் பிறகு பார்ப்போம்.

பிற நாடுகள் இந்தக் கேள்வியைத் தீர்த்த விதம்

ஜெராக்ஸ் 914 இயந்திரம் 1959இல் வந்தது. அதற்கு முன் ஒரு நூலகத்தில் நகல் வேண்டும் என்றால் கையால் எழுத வேண்டும், அல்லது நிபுணரிடம் போக வேண்டும். அதற்குப் பிறகு காசு போட்டால் பக்கம் வந்து விழுந்தது. எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் விழித்துக்கொள்ள ஏறக்குறைய பத்தாண்டு ஆனது. 1960களின் கடைசியில் வழக்குகள் வரத் தொடங்கின.

இவற்றில் நமக்கு முக்கியமானது சிட்னியில் நடந்தது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் 1973இல் ஒரு பட்டதாரி, எழுத்தாளர் ஃபிராங்க் மூர்ஹவுஸ் எழுதிய சிறுகதை ஒன்றை அங்கிருந்த இயந்திரத்தில் நகலெடுத்தார். சட்டம் என்ன சொல்கிறது என்று சோதித்துப் பார்ப்பதற்காகவே எடுத்த நகல் அது. எழுத்தாளரும் பதிப்பகமும் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 1975இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் பல்கலைக்கழகம் மீறலுக்கு அதிகாரமளித்தது என்று முடிவு சொன்னது. நீதிபதி கிப்ஸ் வகுத்த அளவுகோலை மூன்று துண்டாகப் பிரிக்கலாம்:

1. மீறலுக்குப் பயன்படக்கூடிய சாதனம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது.
2. அது மீறலுக்குப் பயன்படக்கூடும் என்று உங்களுக்குத் தெரியும், அல்லது சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது.
3. முறையான பயன்பாட்டோடு நிறுத்த நியாயமான நடவடிக்கை எதையும் நீங்கள் எடுக்கவில்லை.

மூன்றும் சேர்ந்தால் நீங்கள் அதிகாரமளித்தவர். பல்கலைக்கழகம் அறவே சும்மா இருந்துவிடவில்லை. வாசகர்களுக்கு அது சொல்லியிருந்தவை போதவில்லை என்பதுதான் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பைக் கண்டு நூலகங்கள் பயந்துபோயின. பிற்பாடு ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. விதித்த வடிவில் எச்சரிக்கை அறிவிப்பை இயந்திரத்தின் மேலோ அருகிலோ ஒட்டியிருந்தால், இயந்திரம் வைத்திருந்த காரணத்துக்காக மட்டும் நூலகம் அதிகாரமளித்ததாகக் கருதக் கூடாது என்றது அது.

அமெரிக்கா அதே காலத்தில் நேராகச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 1976இல் இயற்றி 1978இல் நடப்புக்கு வந்த சட்டத்தின் 108ஆவது பிரிவு, நூலகத்தில் உள்ள இயந்திரத்தை மேற்பார்வையின்றி வாசகரே பயன்படுத்தியதற்காக நூலகத்துக்கோ பணியாளருக்கோ பொறுப்பு வராது என்கிறது. ஒரு நிபந்தனை: நகலெடுப்பது பதிப்புரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கலாம் என்ற அறிவிப்பு இயந்திரத்தில் இருக்க வேண்டும். நகலெடுத்த வாசகருக்கு அந்தப் பிரிவு எந்த மன்னிப்பும் தரவில்லை.

கனடா 2004இல் இன்னும் தாராளமாகப் போனது. டொரான்டோவில் உள்ள வழக்கறிஞர் சங்கத்தின் பெரிய நூலகத்தின் மேல் சட்டநூல் பதிப்பகங்கள் போட்ட வழக்கு. தலைமை நீதிபதி பெவர்லி மெக்லாக்லின் எழுதிய ஒருமனதான தீர்ப்பு, மீறலுக்குப் பயன்படக்கூடிய கருவியைப் பயன்படுத்த விடுவது மட்டுமே மீறலுக்கு அதிகாரமளிப்பது ஆகாது என்றது. ஒரு செயலை அனுமதிப்பவர், சட்டத்துக்கு உட்பட்ட அளவில்தான் அனுமதிக்கிறார் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. சிட்னித் தீர்ப்பு உரிமையாளர் பக்கம் அதிகமாகச் சாய்ந்துவிட்டது என்றும் சொன்னது.

அந்த வழக்கின் இன்னொரு பாதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நமக்கு அதுதான் அதிகம் தேவை. அந்த நூலகத்தில் வாசகர் தாமே இயக்கும் இயந்திரங்கள் ஒரு பக்கம் இருந்தன. இன்னொரு பக்கம், கேட்டவர்களுக்குப் பணியாளர்களே நகலெடுத்துக் கொடுக்கும் சேவையும் இருந்தது. இரண்டையும் நீதிமன்றம் தனித்தனியே ஆராய்ந்தது. பணியாளர் எடுத்த நகல்களை நியாயமான கையாளுகை என்று ஏற்றுக்கொண்டதற்கு ஒரு பெரிய காரணம், நூலகம் எழுதிவைத்திருந்த கொள்கை. எதற்காக நகல் என்று கேட்பவர் குறிப்பிட வேண்டும். ஒரு தீர்ப்பு, ஒரு கட்டுரை போன்றவை வழக்கமாகக் கிடைக்கும். ஒரு நூலில் 5 விழுக்காட்டுக்கு மேல் போனால் நோக்கீட்டுப் பிரிவு நூலகரிடம் போகும், கடைசியில் மறுக்கப்படவும் செய்யலாம்.

நம் வாசகசாலைகளின் நிலை

இப்போது நம் கோயில் மண்டபத்து அறைக்குத் திரும்புவோம். இயந்திரம் எங்கே இருந்தது? பொறுப்பாளருக்குப் பின்னால். அங்கே வாசகர் போய் நிற்பதில்லை. “அக்கா, இந்த ஆறு பக்கம்” என்று புத்தகத்தை நீட்டுவார். அக்கா எழுந்து, கண்ணாடி மேல் கவிழ்த்து, பொத்தானை அழுத்தி, எண்ணிப் பார்த்து, 60 சென் வாங்கிக்கொள்வார். இயந்திரம் ஒன்றுதான், தாள் வீணாகக் கூடாது, டோனர் விலை அதிகம். சிறிய ஊர் வாசகசாலையில் வேறு எப்படியும் நடக்காது.

அமெரிக்கப் பிரிவு காப்பது “மேற்பார்வையற்ற” பயன்பாட்டை. ஆஸ்திரேலிய அறிவிப்பு காப்பது வாசகர் செய்த மீறலுக்கு அதிகாரமளித்தார் என்ற குற்றச்சாட்டிலிருந்து. நம் அக்கா பொத்தானை அழுத்தும்போது இந்தக் கேள்விகளே எழுவதில்லை. அவர் அதிகாரமளிக்கவில்லை, செய்யவைக்கவில்லை. அவரே செய்கிறார். முதல் வாசல் வழியாக நூலகம் நேராக உள்ளே நிற்கிறது.

இணையத்திலிருந்து ஓர் அமெரிக்க எச்சரிக்கையை அச்சிட்டு இயந்திரத்தில் ஒட்டிவிட்டு, இனி கவலையில்லை என்று இருக்கும் இடங்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காகிதம் இங்கே கவசம் ஆகாது. ஒன்று, நகல் இயந்திரத்தைக் குறித்து 108ஆவது பிரிவு போன்ற தனிப் பிரிவு மலேசியச் சட்டத்தில் இல்லை. 2012இல் சேர்த்த பாதுகாப்பு இணையச் சேவை வழங்குநர்களுக்கானது. இரண்டு, அப்படி ஒரு பிரிவு இருந்திருந்தாலும், பணியாளர் கையால் எடுத்த நகலுக்கு அது ஒத்துவராது.

ஆனால் முதல் வாசலில் நிற்பதால் உடனே குற்றவாளி ஆகிவிடுவதில்லை. மாணவியின் படிப்புக்காக அக்கா 6 பக்கம் எடுத்தால், அந்த நோக்கமும் அந்த அளவும் அக்காவுக்கும் துணை நிற்க வேண்டும் என்பதுதான் கனடாத் தீர்ப்பின் போக்கு. அதற்காக அவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “எதுக்கும்மா?” அந்தப் பதிலை ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும்.

நூலகங்களுக்கென்றே தனி விலக்கு உண்டே என்று கேட்கலாம். உண்டு. அரசாங்கம், தேசிய ஆவணக் காப்பகம், மாநில ஆவணக் காப்பகங்கள், தேசிய நூலகம், மாநில நூலகங்கள், அமைச்சர் ஆணையிட்டுக் குறிக்கும் பொது நூலகங்கள், கல்வி, அறிவியல், தொழில்சார் நிறுவனங்கள் ஆகியவை பொது நலனுக்காக, நியாயமான நடைமுறைக்கு ஒத்து, லாபமின்றிப் பயன்படுத்துவது மீறல் ஆகாது என்று 13ஆவது பிரிவு சொல்கிறது. மாநில நூலகக் கிளை இதற்குள் வருகிறது. கோயிலோ சங்கமோ நடத்தும் வாசகசாலை, பெயர்ப்பலகையில் “நூலகம்” என்று இருப்பதால் மட்டும் வந்துவிடாது. அமைச்சரின் ஆணைதான் கணக்கு. தமிழ்ப்பள்ளி வளநிலையம் எதில் சேரும் என்பதைத் தலைமையாசிரியர் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

லாபம் என்ற சொல்லும் முக்கியம். தாளுக்கும் டோனருக்கும் ஆகும் செலவை வாங்குவது வேறு. புத்தகம் வாங்காமல் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்று ஆள் சேர்த்து அந்த வருமானத்தில் வாசகசாலை நடத்துவது வேறு.

அந்த அபராத எண்கள்

புலனத்தில் வரும் எண்கள் 41ஆவது பிரிவிலிருந்து வருகின்றன. விற்பதற்கோ வாடகைக்கு விடுவதற்கோ மீறல் நகல் செய்வது, அதை விற்பது, சொந்த, வீட்டு உபயோகத்துக்கு அல்லாமல் வைத்திருப்பது போன்றவை குற்றம். முதல் முறை ஒவ்வொரு நகலுக்கும் 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அதே பிரிவில் இன்னொரு வரி உண்டு. ஒரே படைப்பின் மீறல் நகல் மூன்றோ அதற்கு மேலோ ஒருவர் கையில் இருந்தால், அது சொந்த உபயோகத்துக்கு இல்லை என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். டியூஷன் ஆசிரியரின் 20 படிகளை இந்த வரியோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

“மெஷின் வைத்திருந்தாலே குற்றம்” என்ற பேச்சுக்கும் இங்கே ஒரு வேர் இருக்கிறது. மீறல் நகல் செய்யப் பயன்படும், அல்லது பயன்படுத்தக் கருதிய சாதனத்தை வைத்திருப்பதும் குற்றப் பட்டியலில் உண்டு. அதற்குத் தண்டனை இன்னும் கடுமை. வாசகசாலை இயந்திரத்தைப் பார்த்து எழுதிய வரி இது இல்லை. திருட்டுப் பிரதி அடிக்கும் கூடங்களைத்தான் அது குறிவைக்கிறது என்பது என் கருத்து. ஆனால் சொற்கள் அகலமானவை. ஒவ்வொரு ஜனவரியிலும் பயிற்சி நூல்களை முழுதாக அடித்துக் கட்டுக்கட்டாகக் கொடுக்கும் இயந்திரம் அந்தச் சொற்களுக்கு மிக அருகில் போய்விடும். நல்லெண்ணத்தோடு நடந்ததையும், மீறல் என்று நினைக்க நியாயமான காரணம் இல்லாததையும் நிரூபித்தால் தப்பலாம் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. அந்த நிரூபணத்துக்குத்தான் நோட்டும் எழுதிவைத்த கொள்கையும்.

இது குற்றவியல் பக்கம். உரிமையாளர் தனியே உரிமையியல் வழக்கும் போடலாம். அதில் இழப்பைக் கணக்கிட்டுக் காட்டாமலே, ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி வரை, மொத்தமாக 500,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கச் சட்டம் வழி செய்கிறது.

நால்வருக்கும் பதில்

மாணவிக்கு 6 பக்கம் எடுத்துக் கொடுக்கலாம். தயங்க வேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து பேருந்து ஏறி வந்த பிள்ளையைச் சட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினால், சட்டமே கொடுத்த உரிமையை நாம் பறித்தவர்கள் ஆவோம்.

டியூஷன் ஆசிரியருக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் தாமே பொத்தானை அழுத்திக்கொள்கிறேன் என்றாலும் விடக் கூடாது. என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்த பிறகு இயந்திரத்தைக் கொடுத்தால் சிட்னி அளவுகோலின் மூன்று துண்டும் பொருந்திவிடும். “செய்யவைத்தல்” எவ்வளவு குறுகியது என்ற வாதத்தை வைத்துச் சோதித்துப் பார்க்க இது இடமில்லை. 20 பிள்ளைகளுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கினால் பதிப்பகம் விலை குறைக்குமா என்று கேட்டுச் சொல்லலாம்.

பாரதியார் 1921இல் மறைந்தவர். அவர் பாடல்களின் உரிமையை 1949இல் அன்றைய சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் எல்லாருக்கும் பொதுவாக்கியது. 50 ஆண்டுக் கணக்கும் எப்போதோ முடிந்துவிட்டது. பையன் 30 பக்கமும் எடுக்கலாம். ஒரு நுணுக்கம் மட்டும்: புதிய பதிப்பில் வேறொருவர் எழுதிய முன்னுரை, உரை, குறிப்புகள் அவருடைய உரிமை. வெளியான பதிப்பின் அச்சமைப்புக்கும் மலேசியச் சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. பாடல்களை மட்டும், போட்டிக்குப் படிக்க எடுத்தால் சிக்கல் இல்லை.

கடினமானது மூன்றாவது. அச்சில் இல்லாத மலேசியச் சிறுகதைத் தொகுப்பு. இந்நாட்டில் தமிழில் எழுதுகிறவர்கள் பலர் சொந்தக் காசில் சில நூறு பிரதி போட்டு, வெளியீட்டு விழாவிலும் கைப்பையிலும் வைத்து விற்றவர்கள். மறுபதிப்பு வருவது அரிது. முழு நூலை எடுத்தால் மூன்றாவது கேள்வியில் தோற்கும். சந்தையே இல்லை என்பதால் நான்காவது கேள்வியில் நல்ல வாதம் உண்டு. ஆனாலும் “கடையில் கிடைக்கவில்லை” என்பது மலேசியச் சட்டத்தில் தானாக ஒரு விலக்கு ஆகிவிடாது. இங்கே குறுக்கு வழி தேட வேண்டாம். இப்படிப்பட்ட எழுத்தாளர் பெரும்பாலும் நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர். அவரோ, மறைந்திருந்தால் அவர் பிள்ளைகளோ ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைப்பார்கள். கேட்டால் அநேகமாகச் சந்தோஷப்படுவார்கள். யாரோ ஒருவர் இன்னும் அந்தப் புத்தகத்தைத் தேடுகிறார் என்று தெரிந்தால் எந்த எழுத்தாளருக்குத்தான் மனம் குளிராது.

கைப்பேசி வந்த பிறகு

வாசகர் அலமாரி ஓரமாக நின்று கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தால்? அவருடைய கருவி, அவருடைய செயல். நூலகத்தின் பங்கு மிகக் குறைவு. ஆனால் நூலகமே ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கித் தன் புலனக் குழுவில் போட்டால் கதை வேறு. நகலெடுப்பதோடு, பொதுமக்களுக்குத் தொடர்புபடுத்தும் இன்னொரு உரிமையும் மீறப்படுகிறது. தாளில் எடுத்த 6 பக்கம் ஒரு பையில் போகும். கோப்பு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பார்வைக் குறையால் அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றித் தருவதற்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தனி வழி திறந்திருக்கிறது. இந்த விலக்கு இருப்பது பல வாசகசாலைகளுக்குத் தெரியாது. தேவைப்படும் ஒருவர் ஊரில் இருந்தால் மாநில நூலகத்திடம் இது பற்றிக் கேளுங்கள்.

வாசகசாலை செய்யக்கூடியவை

1. அறிவிப்பு ஒட்டுங்கள். சட்டக் கவசத்துக்காக அல்ல. நியாயமான நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதற்கும் நல்லெண்ணத்துக்கும் அது ஒரு சாட்சி. தமிழிலும் மலாயிலும், நின்று படிக்கும் அளவு எழுத்தில் இருக்கட்டும்: “இந்த நூல்கள் பதிப்புரிமைச் சட்டம் 1987இன் பாதுகாப்பில் உள்ளவை. சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் தேவையான பகுதியை மட்டும் நகலெடுத்துத் தருவோம். முழு நூலை உரிமையாளர் அனுமதியின்றி எடுத்துத் தர மாட்டோம்.”
2. செயற்குழுக் கூட்டத்தில் ஒரு பக்கக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றிக் குறிப்பில் ஏற்றுங்கள். ஓர் அத்தியாயம் வரை பொறுப்பாளரே கொடுக்கலாம், அதற்கு மேல் செயலாளரைக் கேட்க வேண்டும் என்பது போல ஓர் எல்லை போதும்.
3. ஒரு நோட்டு: தேதி, நூல், பக்கம், நோக்கம். பெயர் கூட வேண்டியதில்லை.
4. ஒரு நூலுக்கு ஒருவருக்கு ஒரு நகல்.
5. இயந்திரத்தை வாசகர் கைக்கு எட்டும் இடத்துக்கு நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். முடியாவிட்டால் முதல் நான்கையும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள், ஏனென்றால் பொத்தான் உங்கள் விரலுக்குக் கீழே இருக்கிறது.
6. அச்சில் இல்லாத மலேசியத் தமிழ் நூல்களுக்கு எழுத்தாளர்களிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். “இந்த நூலைப் படிக்க விரும்புவோருக்கு வாசகசாலை ஒரு நகல் எடுத்துத் தர அனுமதிக்கிறேன்” என்ற ஒரே வரியும் கையெழுத்தும் தேதியும் போதும். உரிமை பதிப்பகத்திடம் இருந்தால் அங்கே கேட்க வேண்டும். ஓய்வுபெற்ற பெரியவர் தேடி வந்த தொகுப்பிலிருந்தே இதைத் தொடங்கலாம். அடுத்த சனிக்கிழமை அவர் வரும்போது கடிதம் கோப்பில் இருந்தால், அக்கா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எடுத்துக் கொடுக்கலாம்.